கைக்கூலி திரும்பி வந்த வழி

காதியார் தீர்ப்பை வாசித்தபோது மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. முஸ்லிம்களின் கல்யாண வழக்குகளைக் கேட்கிற காதி நீதிமன்றம் என்று பெயர்தானே தவிர, அது காதியாரின் வீட்டு விறாந்தை. ஒரு மேசை, இரண்டு வாங்கு, சுவரில் ஒரு கலண்டர். கைக்கூலிக் காசு முழுவதையும் எனக்குத் திருப்பித் தர வேண்டும், கல்யாணத்தில் மாப்பிள்ளை தருவதாக எழுதிய மஹரையும் இத்தாக் காலச் செலவையும் கொடுக்க வேண்டும், பிள்ளைக்கு மாதாமாதம் தாபரிப்புக் கட்ட வேண்டும் என்று காதியார் வாசித்தார். என் புருசனாக இருந்தவர் வாசலடியில் நின்றபடி "ஓம்" என்றார். பக்கத்தில் இருந்த உம்மா என் கையைப் பிடித்து அமுக்கினா. காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு நாங்கள் வீட்டுக்கு வந்தோம். முடியவில்லை. அந்த "ஓம்" காசாக மாற ஒன்றரை வருடம் சென்றது.

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். அதோடு மாப்பிள்ளையின் கையில் ஒரு தொகையும் கொடுக்க வேண்டும். அதுதான் கைக்கூலி. வாப்பா மருதமுனையில் நெசவுக்காரர். அவருக்கு இருந்த ஒரே காணி கல்முனைக்கு மேற்கே ஓர் ஏக்கர் வயல். அதை விற்றுத்தான் கொடுத்தார். விற்ற அன்று அவர் இருட்டும் வரை தறியில் இருந்து நெய்தார், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை பொத்துவில்காரர். கைக்கூலிக் காசில் அவர் ஒரு லேண்ட்மாஸ்டர் வாங்கினார். இரண்டு சில்லு உழவு மெசின். பின்னால் பெட்டியைக் கொழுவினால் நெல் ஏற்றலாம், கல் ஏற்றலாம், ஆளும் ஏற்றலாம். புதுச் சிவப்பு. அதைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தியபோது எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

முதல் வருடம் நல்லாகப் போனது. இரண்டாம் வருடம் வாப்பா நோயில் மவுத்தானார். அதற்குப் பிறகு மாப்பிள்ளை போகத்துக்குப் போகம் வரிப்பத்தான்சேனைக்குப் போகத் தொடங்கினார். அவருடைய காக்கா, கூடப்பிறந்த மூத்தவர், அங்கே கல்யாணம் முடித்து வயல் செய்துகொண்டிருந்தார். உழவு முடிந்தும் இவர் வருவதில்லை. மகள் பிறந்து நாற்பது நாள் கழிந்த பிறகு ஒரு நாள் வந்து, அங்கே ஒரு பெண் பேசியிருப்பதாகவும், நான் சம்மதிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"ரெண்டு வீடு நடத்த வசதி இருந்தா செய்யுங்க," என்றேன். "இந்த ஒரு வீடே நான் நெய்யிற சாரன்லதான் நடக்குது."

அந்தச் சொல் அவருக்குத் தைத்துவிட்டது. காதியாரிடம் போய்த் தலாக் எழுதினார். மெசினைக் கொண்டுபோய்விட்டார். நான் இத்தா இருந்தேன், தலாக்குக்குப் பிறகு பெண் வீட்டோடு இருக்கிற காலம் அது. இத்தா முடிந்த பிறகு காதியாரிடம் என் உரிமையைக் கேட்டேன். அதற்குத்தான் நான் முதலில் சொன்ன தீர்ப்பு.

தீர்ப்புக்குப் பிறகு மூன்று மாதம் பார்த்தேன். ஒரு சதம் வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, "மெசின் காக்காட சாமான். எனக்கிட்ட ஒண்டும் இல்ல" என்று பதில் வந்தது.

ஊரில் பலர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள்: அல்லாவிடம் விட்டுவிடு, பொம்புளைப் பிள்ளை கோட்டுக்கும் கச்சேரிக்கும் திரிந்தால் நாளைக்கு இன்னொரு மாப்பிள்ளை வருவானா? உம்மா அவர்களுக்கு வெத்திலை கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவர்கள் போன பிறகு என்னிடம், "அல்லாதான் உரிமையக் குடுத்தான். அதக் கேட்டு எடுக்கிறதுக்கு வெக்கப்படுறயா?" என்று கேட்டா.

நான் வெட்கப்படவில்லை. எனக்கு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். திரும்பவும் காதியாரிடம் போனோம். வயதானவர், நிதானமாகக் கதைப்பவர்.

"நான் ஒரு சேட்டிபிக்கற் எழுதி, அவர் இருக்கிற பக்கத்து நீதவான் கோட்டுக்கு அனுப்பலாம். அபராதக் காசு அறவிடுற மாதிரி அவங்க அறவிடுவாங்க," என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆனா பின்னால நீங்க போகணும், மகள். கடுதாசிக்குக் கால் இல்ல," என்றார்.

அந்தக் கோடு, நீதவான் நீதிமன்றம், மேற்கே இருந்தது; அங்கே எல்லாம் சிங்களத்தில்தான் நடக்கும். விடியுமுன் சுபஹ் தொழுதவுடன் உம்மாவும் நானும் புறப்பட வேண்டும். மகளை அடுத்த வீட்டு ராத்தாவிடம் விட்டுவிட்டு, கல்முனையில் பஸ் மாறி, சம்மாந்துறை வயல்களைத் தாண்டிப் போவோம். உம்மா ஒரு பொட்டலத்தில் ரொட்டி கட்டிக்கொண்டு வருவா. கோட்டு வாசலில் ஒரு பெரிய வாகை மரம். அதன் கீழ்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். முதல் நாள் அங்கே நின்ற பெண்கள் நாங்கள் இருவரும் மட்டும்தான். முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது தவணைக்குள் அந்தப் பழக்கம் விட்டுப்போனது. வழக்குக் கூப்பிடும்போது பெயர் கேட்க வேண்டும், காது மூடியிருந்தால் கேட்காது.

முதல் தவணைக்கு அவர் வரவில்லை. இரண்டாவதற்கும் வரவில்லை. மூன்றாம் முறை பிடியாணை போட்டு, பொலிஸ் கூட்டிக்கொண்டு வந்தது. காக்காவும் கூடவே வந்திருந்தார்.

நீதவான் சிங்களத்தில் கேட்பார், மொழிபெயர்க்கிற முதலியார் அதைத் தமிழில் சொல்வார். "என்ட பேரில ஒரு சொத்தும் இல்ல" என்று இவர் சொன்னார். மெசின் தன்னுடையது என்று காக்கா சொன்னார்.

முதலியார் என் பக்கம் திரும்பினார். "அம்மா, என்ன சொல்றீங்க?"

நான் எழும்பி நின்றேன். சனம் நிறைந்த மண்டபத்தில் அதற்கு முன் நான் வாய் திறந்ததே இல்லை. கையில் இருந்த கடிதத்தை நீட்டினேன். அது மெசின் வாங்கிய கடைப் பற்றுச்சீட்டு. அவர் உடுப்புகளை அள்ளிக்கொண்டு போனபோது பெட்டகத்தின் அடியில் அதை மறந்து விட்டிருந்தார். நான் எட்டாம் வகுப்புவரை படித்தவள். அவருடைய பெயரும் மெசின் நம்பரும் அதில் இருப்பதைப் பார்த்து எடுத்து வைத்திருந்தேன்.

"இது என்ட வாப்பா வயல் வித்துக் குடுத்த காசில வாங்கின மெசின்," என்றேன். "பேர் அவருட. நம்பர் கீழ இரிக்கி."

காக்கா விடவில்லை. அந்தச் சிவப்பு மெசின் எப்போதோ விற்றாகிவிட்டது, தன்னிடம் இருப்பது நீல நிறம், அது வேறு மெசின் என்றார். நீதவான் பற்றுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, கோட்டு உத்தியோகத்தர் போய் நம்பரைப் பார்க்கட்டும், ஒத்தால் மெசினைக் கையகப்படுத்தட்டும் என்று உத்தரவு போட்டார். அந்த உத்தியோகத்தரை எங்கள் பக்கத்தில் பிஸ்கால் என்போம். எங்கள் பிஸ்கால் ஒரு சிங்கள மனிதர். தமிழ் கொஞ்சம் கதைப்பார். "அம்மா வந்து காட்ட வேணும்," என்றார். "நான் மெசின் கண்டது இல்லை."

இரண்டு நாள் கழித்து, உத்தியோகத்தரும் நானும் உம்மாவும் வரிப்பத்தான்சேனையில் இறங்கினோம். உழவுக் காலம். பார்க்கிற பக்கமெல்லாம் சேறு. காக்காவின் வீட்டில் மெசின் இல்லை. எங்கே என்று கேட்டதற்குக் கையை விரித்தார்கள். ஆனால் லேண்ட்மாஸ்டர் சத்தத்தை மறைக்க முடியாதே. வாய்க்கால் கட்டால் நடந்து, சத்தம் வந்த பக்கம் போனோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். உம்மா வரம்பில் இரண்டு தரம் வழுக்கினா, இரண்டு தரமும் அவர்களுடைய குடும்பத்தையே திட்டினா.

வயலில் முழங்கால் சேற்றில் ஒரு மனிதர் நீல மெசினை ஓட்டிக்கொண்டிருந்தார். காக்காவிடம் நாலு நாளைக்குக் கூலிக்கு எடுத்திருந்தாராம். உத்தியோகத்தர் கோட்டு உத்தரவைக் காட்டியதும் அவர் மெசினை நிற்பாட்டிவிட்டு, ஒன்றும் விளங்காமல் எங்களைப் பார்த்தார்.

நம்பர் இருந்த இடத்தில் சேறு காய்ந்து இறுகிப்போயிருந்தது. அதற்குக் கீழே நீலப் பெயின்ட். உத்தியோகத்தர் குனிந்து பார்த்தார், தெரியவில்லை. நான் சேலையைச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். வாய்க்கால் தண்ணீரை அள்ளி ஊற்றி, நகத்தால் சுரண்டினேன். நெசவுக்காரியின் நகம், அறுந்த இழையைத் தேடிப் பிடித்த நகம். பெயின்ட் செதில் செதிலாகக் கழன்றது. உள்ளே சிவப்பு. அந்தச் சிவப்பின் மேல் இலக்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நான் சத்தமாக வாசித்தேன், உத்தியோகத்தர் பற்றுச்சீட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். கடைசி இலக்கமும் ஒத்தது. வரம்பில் நின்ற உம்மா, "அல்ஹம்துலில்லாஹ்!" என்று போட்ட சத்தத்தில் கொக்குகள் எழும்பிப் பறந்தன.

"சரி, எடுப்போம்," என்றார் உத்தியோகத்தர்.

அப்போதுதான் அந்த வயல்காரர் கதைத்தார். என்னிடம்தான் கதைத்தார், உத்தியோகத்தரிடம் இல்லை.

"தங்கச்சி, உங்கட சாமான நீங்க கொண்டு போங்க. நான் மறிக்க மாட்டன். ஆனா இன்னும் மூணு நாள்தான் வாய்க்கால்ல தண்ணி. அதுக்குள்ள உழுது விதைக்காட்டி இந்தப் போகம் எனக்கு இல்ல. மெசின் வேற எங்கயும் கிடைக்காது, எல்லாம் உழவில நிக்குது."

உழுத பாதியையும் உழாத பாதியையும் பார்த்தேன். ஏறத்தாழ ஓர் ஏக்கர் மிச்சம் இருந்தது. என் வாப்பா விற்ற அளவு. உத்தியோகத்தர், "இப்ப எடுக்காட்டி நாளைக்கு மெசின் இருக்காது, நல்லா யோசியுங்க," என்று காதுக்குள் சொன்னார். அது உண்மைதான். உம்மாவைப் பார்த்தேன். உம்மா, "உன்ட வழக்கு. நீ சொல்லு," என்றா.

"மூணு நாளைக்கு நீங்க பொறுப்பெடுப்பீங்களா?" என்று வயல்காரரிடம் கேட்டேன்.

"எடுக்கிறன். என்ட தலைக்கு மேல."

உத்தியோகத்தர் கடுதாசி எழுதினார். மெசின் கோட்டால் கையகப்படுத்தப்பட்டது, மூன்று நாள் இவருடைய காவலில் இருக்கும் என்று. வயல்காரர் சேற்றுக் கையைக் கழுவிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவருடைய மனைவி எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறும் குளத்து மீன் ஆணமும் தந்தா. அதன் பிறகு பஸ் ஏறினோம். மெசின் அங்கே நிற்குமோ என்று எனக்குப் பயம்தான். மூன்று நாளும் தறியில் இருந்தால் இழை அறுந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் நாங்கள் போனபோது மெசின் அவருடைய வாசலில் கழுவித் துடைத்து நின்றது. பக்கத்தில் பெட்டியும் நின்றது. பெட்டியைக் காக்காவின் வீட்டிலிருந்து உத்தியோகத்தர் முன்பே எடுப்பித்திருந்தார். வயல்காரர் சிரித்தார், அவருடைய மனைவி அதைவிட அதிகமாகச் சிரித்தா. நடந்ததை அவதான் சொன்னா. நாங்கள் வந்துபோன அன்று பின்னேரமே என் பழைய புருசன் வந்திருக்கிறார், மெசினைக் கொண்டுபோக. லேண்ட்மாஸ்டரை ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். அவர் சைக்கிளில் வருவதைக் கண்டதும் இவ ஹேண்டிலைத் தூக்கி அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு, பானைக்குப் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்திருக்கிறா.

"வீடு முழுக்கத் தேடினார்," என்று சொன்னா. "எனக்கிட்ட ஹேண்டில் எங்க எண்டு கேட்டார். கோட்டுச் சாமான், கோட்டில போய்க் கேளுங்க எண்டன்."

அடுத்த தவணைக்கு என் பழைய புருசன் வக்கீலோடு வந்தார். தவணைக் காசாகக் கட்டுகிறேன், மாதத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன், மெசினை விடுங்கள் என்று வக்கீல் சொன்னார். நீதவான் என்னைக் கேட்டார். இந்த முறை நான் உடனே வாய் திறந்தேன்.

"ஒன்றரை வருசமா அவர் ஒரு சதம் தரல்ல. இனித் தவணைக்கு நான் ஏத்துக்க மாட்டன். ஒண்டில் முழுக் காசும் இண்டைக்குத் தரட்டும். இல்லாட்டி மெசினத் தரட்டும், கைக்கூலி, மஹர், இத்தாச் செலவு எல்லாத்துக்கும் சேர்த்து நான் அத எடுத்துக்கிறன். புள்ளைட தாபரிப்பு வேற, அத அவர் மாசம் மாசம் கட்டணும்."

முதலியார் சிங்களத்தில் சொல்லி முடித்ததும் நீதவான் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். வக்கீலும் இவரும் காக்காவும் வாகை மரத்தடியில் போய்க் கதைத்தார்கள். நெடுநேரம் கதைத்தார்கள். திரும்பி வந்து, மெசினைத் தருகிறோம் என்றார்கள். பழைய மெசின், கொடுத்த காசுக்கு அது சரிக்குச் சரி வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் அது கையில் கிடைக்கிற சாமான். கையெழுத்துப் போட்டேன், அவரும் போட்டார். பேனையை என்னிடமிருந்து வாங்கும்போது, "மெசின வச்சு நீ என்ன செய்யப் போற?" என்று மெதுவாகக் கேட்டார். அதில் நக்கல் இல்லை, உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. "உழுவன்," என்றேன்.

வெளியே அவருடைய உம்மா நின்றுகொண்டிருந்தா. என்னோடு கதைக்க வாயெடுத்தா, முடியாமல் அழுதா. நான் கடந்து போயிருக்கலாம். "மாமி, பெருநாளைக்கு வாங்க. புள்ளையப் பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்தா. பிறகு ஒவ்வொரு பெருநாளைக்கும் வந்தா.

மெசினை மருதமுனைக்கு ஓட்டி வர எனக்கு ஆள் இல்லை. அந்த வயல்காரரே வந்தார். பெட்டியில் பாய் விரித்து உம்மாவும் நானும் ஏறி உட்கார்ந்தோம். சம்மாந்துறை தாண்டி, காரைதீவுச் சந்தியில் வடக்கே திரும்பி, சாய்ந்தமருது, கல்முனை என்று பெரிய றோட்டால் வந்தோம். உச்சி வெயில். லேண்ட்மாஸ்டர் சைக்கிளைவிட மெதுவாகத்தான் ஓடும், அதனால் பார்க்கிறவர்களுக்கெல்லாம் நல்லாகப் பார்க்க நேரம் கிடைத்தது. கல்முனைச் சந்தையடியில் எங்கள் ஊர் ஆள் ஒருவர், "என்ன, எங்கால வாறீங்க?" என்று கத்திக் கேட்டார். உம்மா எழும்பி நின்று, பெட்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "கோட்டால வாறம்!" என்று பதிலுக்குக் கத்தினா. நான் முந்தானையை முகத்துக்கு இழுக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அந்தப் பயணத்தில் என் முதுகு எவ்வளவு நேராக இருந்தது என்பது எனக்கு இப்போதும் ஞாபகம்.

எங்கள் ஊர் அதற்குக் கோட்டு மெசின் என்று பெயர் வைத்தது. முதலில் கேலிக்குத்தான். அடுத்த போகத்துக்கு, "கோட்டு மெசின் எப்ப வரும்?" என்று என் வாசலில் வந்து ஆள் நின்றது. அதை ஓட்டக் கூலிக்கு ஒருவரை வைத்தேன். எந்த வயல், எந்த நாள், யாருக்கு முதல் என்று நான்தான் முடிவெடுத்தேன். நான்கு வருடம் ஓடியது. பிறகு மெசினை விற்ற காசில் இன்னும் இரண்டு தறி போட்டு, இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தேன். வாப்பாவின் வயல் திரும்பவில்லை. அதை வாங்கியவர்கள் விற்கவில்லை, கேட்டுப் பார்த்தேன். தாபரிப்பு சில மாதம் பிந்தி வரும், ஆனால் வரும். பிந்தினால் காதியாரிடம் போய் ஞாபகப்படுத்துவேன். இன்னொரு கல்யாணம் பேசியும் வந்தார்கள். வேண்டாம் என்றது நான்தான்.

பிறகு காதியாரே சில பெண்களை என்னிடம் அனுப்பத் தொடங்கினார். எந்த பஸ், எந்தக் கடுதாசி, யாரிடம் கேட்பது என்று சொல்லிக் கொடுக்க. அவர்களில் சாய்ந்தமருதுப் பிள்ளை ஒருத்தி, புருசன் மீன்பிடிக்காரன், தலாக் சொல்லிவிட்டுப் போனவன். அவளுடைய வழக்குக் கல்முனைக் கோட்டில். கூடவே போனேன். வாசல் வரைக்கும் வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். உள்ளே கறுப்புக் கோட்டுப் போட்ட ஆட்கள், பொலிஸ், சத்தம்.

"நம்மள உள்ள விடுவாங்களா, ராத்தா?" என்று கேட்டாள்.

"உன்ட வழக்குத்தானே, புள்ள. நீ போகாம வேற யார் போற?" என்றேன். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.